ஒரு அட்டைக்கு ஒரு பெயர்

நிற்கிறோம். பத்தரை மணிக்கு நிற்க வேண்டும் என்பது விதி, பத்து முப்பத்தாறுக்கு நிற்கிறோம், இந்த அலுவலகத்தில் நேரந்தவறாமை என்றால் இதுதான். பதினைந்து நிமிடத்தில் முடிக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. உட்கார்ந்தால் பேச்சு வளரும், நின்றால் கால் வலிக்கும், கால் வலித்தால் சுருக்கமாகப் பேசுவார்கள் என்று இந்த முறையைக் கண்டுபிடித்தவர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். பாவம், அவர்கள் நம் ஊர் டீக்கடை வாசலைப் பார்த்ததில்லை. நாமெல்லாம் நின்றபடியே ஆட்சிகளைக் கவிழ்த்து, மறுபடி தூக்கி நிறுத்தி, அதற்குப் பிறகும் கிளாஸைக் கீழே வைக்காதவர்கள். ஆறு பேர் அரைவட்டமாக நிற்கிறோம். எதிர்ச்சுவரில் பெரிய திரை. திரையில் சென்னையிலிருந்து ரகோத்தமன், எங்கள் எல்லாருக்கும் மேலாளர். ஆனால் இன்று முகம் இல்லை, அவர் பெயரின் முதல் எழுத்து மட்டும் ஊதா வட்டத்துக்குள் இருக்கிறது. கேமராவை அணைத்து வைத்திருக்கிறார். கேட்டுக்கொண்டிருக்கிறாரா, இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாரா, வட்டத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஜன்னலுக்கு வெளியே சரவணம்பட்டிச் சாலையில் வெயில் ஏறிவிட்டது. பதினொன்றரைக்கு, எங்களோடு நிற்கும் கோகிலவாணியை மனிதவளத் துறை அறைக்குக் கூப்பிடுவார்கள். ராஜினாமாக் கடிதத்தை அவர்களே அடித்து வைத்திருப்பார்கள், அவர் கையெழுத்துப் போட்டால் போதும். இந்த அரைவட்டத்தில் இது எனக்கு மட்டும் தெரியும், திரையில் இருக்கும் ஊதா எழுத்துக்கும் தெரியும். கோகிலவாணியின் பெயர் வெளியே அனுப்பும் பட்டியலுக்குப் போனதற்குக் காரணம் நான் போட்ட ஓர் அட்டவணை. இன்னும் ஐம்பது நிமிடம் இருக்கிறது. ஐம்பத்துநான்கு. எதையும் சரியாகச் சொல்ல வேண்டும் எனக்கு. அதுதான் வியாதியே.

முதலில் அஸ்லம். ஒவ்வொருவரும் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்யப்போகிறாய், வழியில் தடை ஏதாவது உண்டா. ஒரு மனிதனிடம் கேட்கக்கூடியவற்றில் இவற்றைவிடக் கடினமானவை இல்லை. அஸ்லம் கைகளைக் கட்டிக்கொண்டு ஊதா எழுத்துக்கு "குட் மார்னிங் சார்" சொல்லிவிட்டுத் தொடங்குகிறான். திரையைப் பார்க்காதே, பக்கத்தில் நிற்கிறவர்களைப் பார்த்துச் சொல், இது மேலிடத்துக்கு ஒப்பிக்கிற பாடம் இல்லை, உங்களுக்குள் நீங்கள் பேசிக்கொள்வது என்று பதினோரு மாதமாகச் சொல்லி வருகிறேன். சொன்னால் என்னைப் பார்ப்பார்கள். என்னையும் பார்க்காதே என்றால் தரையைப் பார்ப்பார்கள். அணியில் மேலே கீழே கிடையாது, பெயர் சொல்லியே கூப்பிடலாம் என்று முதல் நாள் அறிவித்தேன். அன்று மாலையே அஸ்லம் என் மேஜைக்கு வந்து "ஆதிமூலம்" என்றான், மீன் முள் மாட்டியவன்போல நின்றான், விழுங்கினான், "சார்" என்று சேர்த்தான். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நிம்மதியைக் கெடுக்க எந்தப் பயிற்சிக்கும் உரிமை இல்லை என்று விட்டுவிட்டேன். "நேத்து அந்த ஆக்சிடென்ட் போட்டோ ஏத்துற பக்கம் பாத்துட்டு இருந்தனுங்க சார். மூணு போட்டோவுக்கு மேல போட்டா அப்படியே நின்னுக்குது. கோகிலாக்கா வந்து பக்கத்துல உக்காந்தாங்க, கால் மணி நேரத்துல புடிச்சுட்டாங்க. இன்னிக்கு டெஸ்டிங்குக்குக் குடுத்துருவேன். தடை ஒண்ணும் இல்லீங்க சார்." எங்கோ வெளிநாட்டில் பனியில் வழுக்கி மரத்தில் மோதிய கார்களுக்கு இழப்பீடு கேட்கும் படிவம் அது. பனியையே பார்க்காத ஆறு பேர் கோயமுத்தூரில் நின்றுகொண்டு அதைச் செய்கிறோம். கோகிலாக்கா வந்து பக்கத்துல உக்காந்தாங்க. ஒன்று. நான் எண்ணத் தொடங்கிவிட்டேன், வேண்டுமென்று இல்லை, எண்ணுவது என் புத்தி, படிக்கட்டு ஏறினால் படி எண்ணுவேன், சாப்பாட்டில் அப்பளம் எண்ணுவேன். அந்தப் புத்தியால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம்... இல்லை, அது இப்போது வேண்டாம்.

இப்போது சுகந்தி. அவள் பேசும்போது நான் கோகிலவாணியைப் பார்க்காமல் இருக்கப் பாடுபடுகிறேன். பார்க்காமல் இருப்பவனைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். அவர் நவநீதனுக்கும் எனக்கும் நடுவில் நிற்கிறார், இளநீல காட்டன் புடவை, கழுத்தில் அலுவலக அட்டை, பஸ்ஸிலிருந்து இறங்கிய அலுப்பு இன்னும் முகத்தில். அன்னூரிலிருந்து ஏழு இருபதுக்குக் கம்பெனி பஸ் பிடிக்கிறார். கணவருக்குக் கணபதியில் லேத் பட்டறை இருந்தது, இரண்டு வருடம் முன்னால் மூடிவிட்டார்கள், அதற்குப் பிறகு அந்த வீட்டில் மாதம் தவறாமல் வேலைக்குப் போகிறவர் இவர் ஒருவர்தான். நாற்பத்துநான்கு வயது. இந்தத் தொழிலில் நாற்பத்துநான்கு வயதுப் பெண் வேலை தேடி வாசலில் நின்றால் காவல்காரர், யாரைப் பார்க்க வந்தீங்கம்மா என்று கேட்பார். எனக்கு ஐம்பத்தொன்று. என்னைக் கேட்கக்கூட மாட்டார். சுகந்தி சொல்கிறாள், "என் கார்டு அஞ்சு பாயின்ட்னு போட்டதுங்க. ஆனா அது அஞ்சு இல்லீங்க சார், உள்ள போனா போயிட்டே இருக்குது." ஊதா எழுத்து அசையவில்லை. வேலையைச் சிறு அட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எவ்வளவு கடினம் என்று அணியே கூடிப் புள்ளி போட வேண்டும். எல்லாரும் ஒரே நொடியில் எண்ணைக் காட்ட வேண்டும், ஒருவரைப் பார்த்து ஒருவர் மாற்றக் கூடாது என்பதற்காக. எங்கள் அணியில் நவநீதன் காட்டுகிறவரை மற்றவர்கள் எண்ணை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காத்திருப்பார்கள், அப்புறம் நான்கு கைகளும் நவநீதனின் எண்ணையே காட்டும். ஒருமித்த கருத்து என்று நான் குறித்துக்கொள்வேன். கோகிலவாணி மட்டும் பதின்மூன்று காட்டுவார். உள்ளே போனால் போய்க்கொண்டே இருக்கும் என்பது அவருக்கு முன்னாலேயே தெரியும். நான் சிரித்தபடி, "இந்த ஸ்பிரிண்டுக்குள்ள முடியணுமேம்மா" என்பேன். அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரிங்க சார், அஞ்சுன்னே வெச்சுக்கலாம்" என்பார். வேலை அதே பதின்மூன்றுதான் இழுக்கும். ஸ்பிரிண்ட் என்றால் நூறு மீட்டர் ஓட்டம். எந்த ஓட்டக்காரனும் ஓட்டம் முடிந்த கோட்டிலேயே அடுத்த ஓட்டத்தைத் தொடங்குவதில்லை, குனிந்து முழங்காலைப் பிடித்துக் கொஞ்சம் மூச்சு வாங்குவான். நாங்கள் இரண்டு வாரத்துக்கு ஒன்று வீதம் இருபத்துமூன்றாவதில் இருக்கிறோம். "கோகிலாக்கா நேத்து சாயங்காலம் பஸ்ஸுக்குப் போறதுக்கு முன்னாடி பாதி எழுதிக் குடுத்துட்டுப் போனாங்க, மீதிய இன்னிக்குப் பண்ணிருவேன்" என்று சுகந்தி முடிக்கிறாள். இரண்டு.

அட்டையில் ஒரு பெயர்தான் போட முடியும். அது மென்பொருளின் ஏற்பாடு. ஓர் அட்டை, ஒரு பெயர். பாதி எழுதிக் கொடுத்தவருக்கு அங்கே கட்டம் கிடையாது. இந்த முறைக்கு ஸ்கிரம் என்று பெயர் வைத்தவர்கள் அதை ரக்பி விளையாட்டிலிருந்து எடுத்தார்கள், பயிற்சியில் இதைச் சொன்னார்களா என்று நினைவில்லை, நானே தேடிப் படித்தேன், தேடிப் படிப்பதில் எனக்குக் குறை சொல்ல முடியாது. எட்டுப் பேர் தோளோடு தோள் கோத்து, தலையைக் கவிழ்த்து, எதிராளியை ஒரே உடம்பாகத் தள்ளுவது. அந்தக் குவியலுக்குள் யார் எவ்வளவு தள்ளினார் என்று யாராலும் சொல்ல முடியாது, சொல்ல முடியாமல் இருப்பதுதான் அதன் அழகே. அணி இரண்டு வாரத்தில் முடித்த புள்ளிகளைக் கூட்டினால் வருவதற்கு ஓர் ஆங்கிலச் சொல் இருக்கிறது, பள்ளிக்கூட இயற்பியல் புத்தகத்தில் அதற்குத் திசைவேகம் என்று போட்டிருக்கும். எந்தப் பக்கம் என்பதும் சேர்ந்தால்தான் திசைவேகம். எங்களிடம் பக்கத்தைப் பற்றி யாரும் கேட்டதில்லை. அது அணிக்கான எண், ஆளுக்கானது இல்லை, ஆளுக்கு ஆள் பிரிக்கவே கூடாது. அவிநாசி சாலை ஓட்டல் ஒன்றில் நடந்த இரண்டு நாள் பயிற்சியில் இதை நானே எழுதினேன், ஸ்கேல் வைத்து அடிக்கோடிட்டேன். பிறகு ஒரு நாள் பிரித்தேன். யாரும் கேட்கவில்லை. ரகோத்தமன் கேட்டார் என்று இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும், பஸ்ஸில் வரும்போது அப்படித்தான் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன், ஒட்டவில்லை. புத்தக அலமாரியை அகரவரிசைப்படுத்துகிறவனுக்கு வருமே ஒரு சுகம், அந்தச் சுகத்துக்காகப் பிரித்தேன். ஆறு ஸ்பிரிண்ட், ஐந்து பெயர், முப்பது கட்டம், கீழே கூட்டுத்தொகை. அதைப் பூட்டி வைத்திருந்தால் ஒரு பைத்தியக்காரத்தனத்தோடு போயிருக்கும். இரண்டு மாதம் முன்னால் ரகோத்தமன் தொலைபேசியில் கேட்டார், "ஆதி, டீம் தன்னைத்தானே நடத்திக்கும்னு நீங்கதான் சொல்றீங்க. அப்ப நீங்க என்ன பண்றீங்க?" உலகத்திலேயே மிக நியாயமான கேள்வி. இதற்கு முன் பதினாறு வருடம் திட்ட மேலாளராக இருந்தேன், காட்டுவதற்குக் கோட்டுப் படங்கள் இருந்தன, சிவப்பு பச்சை இருந்தது. இப்போது ஸ்கிரம் மாஸ்டர். பெயரில் மாஸ்டர், விளக்கத்தில் அணிக்கு ஊழியன். தடையை நீக்குகிறவன். நீக்கிய தடையை எப்படிக் காட்டுவது, நீக்கிய பிறகு அது இருக்காதே. கையில் இருந்த அந்த அட்டவணையை அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது, "இதுதான் எனக்கு வேணும்" என்று. அன்றைக்கு நான் பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து சந்தோஷமாகவே வீட்டுக்குப் போனேன். அதை மறக்க ஆசை.

பிரின்ஸ்டன் பேசத் தொடங்கியிருக்கிறான், நாகர்கோயில்காரன், வந்து ஐந்து மாதம். "சார், எனக்க கார்டு முடிஞ்சது." "முடிஞ்சதுன்னா முடிஞ்சதா, இல்ல உங்க ஊர் முடிஞ்சதா?" என்று நவநீதன் கேட்கிறான். "எங்க ஊருல முடிஞ்சதுன்னா தொண்ணூறு சதவீதம் பாத்துக்கிடுங்க." எல்லாரும் சிரிக்கிறார்கள். கோகிலவாணியும் சிரிக்கிறார், வாயைப் புறங்கையால் மறைத்துக்கொண்டு. அந்தச் சிரிப்பு என் விலாவில் எங்கோ இடிக்கிறது. முடிந்தது என்றால் என்ன என்று அணியே உட்கார்ந்து எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும் என்று ஒரு விதி, ஒட்டினோம், ஏசிக் காற்றில் ஒரு மூலை பிய்ந்து தொங்குகிறது, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஸ்பிரிண்ட் முடிந்ததும் கூடி எது சரியில்லை என்று மனம் திறந்து பேச வேண்டும் என்பது இன்னொன்று. இருபத்திரண்டு தடவை கூடினோம். "எல்லாம் நல்லாப் போச்சுங்க சார்." இருபத்திரண்டு தடவையும். இருபதாவதில் மட்டும் சுகந்தி, ஏசி கொஞ்சம் ஜாஸ்தி என்றாள். அன்றைக்கு நான் அதை ஒரு முன்னேற்றமாகக் குறித்தேன். பிரின்ஸ்டன் சொல்கிறான், "மிச்சம் பத்து சதவீதத்துக்குத்தான் கோகிலாக்காகிட்ட கேட்டிருக்கேன். அக்கா இன்னைக்கு இருந்து பாக்கலாம்னு சொல்லிச்சி." மூன்று. இன்னைக்கு இருந்து. நவநீதன் முறை. இவன்தான் அட்டவணையில் முதல், தொண்ணூற்றுநான்கு. கெட்டிக்காரன், பொய் இல்லை. எந்த அட்டை பார்ப்பதற்குப் பெரிதாகவும் செய்வதற்குச் சிறிதாகவும் இருக்கிறது என்று தூரத்திலிருந்தே தெரியும் அவனுக்கு, கறிக்கடையில் எலும்பில்லாத துண்டைக் கண்ணாலேயே பிடிக்கிறவர்கள் உண்டு இல்லையா, அப்படி. "நேத்து ரெண்டு கார்டு முடிச்சேன், எட்டும் அஞ்சும். இன்னைக்கு அடுத்தது. தடை இல்லை." ஆறு நொடி. புத்தகத்தில் போட்டிருக்கிற மாதிரியே பேசுகிறவன் இவன் ஒருவன்தான். நேற்று மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு நாலரை மணி வரை கோகிலவாணியின் நாற்காலி இவன் மேஜைக்குப் பக்கத்தில் இருந்தது. நான் பார்த்தேன். அவருக்கு ஒரு பழக்கம், யாராவது அக்கா என்றால் எழுந்து போக மாட்டார், உட்கார்ந்தபடியே காலால் உந்தி நாற்காலியோடு உருண்டு போவார். நாள் முழுக்க அவருடைய இடம் காலியாக இருக்கும். அவருடைய அட்டை, பழைய ரசீது அச்சில் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் பிழை, ஒன்பது நாளாக அதே கட்டத்தில் நிற்கிறது. நவநீதன் பெயரைச் சொல்லவில்லை. ஆனாலும் நான்கு என்று வைத்துக்கொள்கிறேன். சரியாகச் சொல்ல வேண்டும் எனக்கு.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம். சரி, வரட்டும், அடுத்து கோகிலவாணி பேசப்போகிறார், அவர் குரல் கேட்பதற்கு முன் அது வந்துவிட்டுப் போகட்டும். அட்டவணையில் கூட்டுத்தொகை சரியாக வரவில்லை. ஒருவருடைய புள்ளி இன்னொருவர் கட்டத்தில் போய் விழுந்துகொண்டிருந்தது, நான் சூத்திரத்தை மாற்ற மாற்ற அது வேறொருவர் தலையில் விழுந்தது. ரக்பியின் வரலாறு தெரிந்தவனுக்கு ஒரு கூட்டல் வரவில்லை. அவர் சுகந்தியிடமிருந்து திரும்பி நாற்காலியில் உருண்டு போய்க்கொண்டிருந்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "என்னங்க சார், அடம் புடிக்குதுங்களா?" நான் வேண்டாம் என்றா சொன்னேன்? நகர்ந்து இடம் விட்டேன். ஐம்பது நிமிடம். கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகத் திறந்து பார்த்தார். பெயர்களைப் பார்த்திருப்பார், பார்க்காமல் எப்படி. நடுவில் ஒரே ஒரு தடவை கேட்டார், "இது ஆளாளுக்குப் பிரிச்சதுங்களா சார்?" "சும்மா, என் புரிதலுக்கு" என்றேன். தலையை ஆட்டினார். பிழையைக் கண்டுபிடித்துச் சரிசெய்தார், கூட்டுத்தொகைகள் எல்லாம் ஒரே சமயத்தில் மாறி நின்றன. நவநீதன் தொண்ணூற்றுநான்கு, அஸ்லம் எழுபத்தொன்று, இப்படிப் போய், கோகிலவாணி பதினொன்று. அம்புக்குறி அந்தப் பதினொன்றின்மேல் கொஞ்ச நேரம் நின்றது. அவர் அதை நிறுத்தினாரா, மறந்து கையை எடுத்துவிட்டாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் தைரியம் இல்லை. பிறகு கேட்டார், "பெருசுல இருந்து சின்னதுக்கு வரிசைப்படுத்திரட்டுங்களா சார்? பாக்கச் சௌகரியமா இருக்கும்." ம் என்றேன். அழுத்தினார். மேலிருந்து இரண்டாவதாக இருந்த அவருடைய பெயர் கடைசி வரிக்குப் போய் விழுந்தது. அவர் விரல்தான் இறக்கியது. "அவ்வளவுதாங்க சார்" என்று சொல்லிவிட்டு உருண்டு போனார். அந்த ஐம்பது நிமிடம் எந்த அட்டையிலும் இல்லை. அட்டவணை சரியாக இருந்திருக்காவிட்டால் ரகோத்தமன் அதை நம்பியிருக்க மாட்டார். நேற்று சாயங்காலம் அவர் பேசும்போது சொன்ன வார்த்தை இது, "உங்க ஷீட்ல ஒரு தப்புகூட இல்ல ஆதி, ஹெச்.ஆர். அப்படியே எடுத்துக்கிட்டாங்க. நாளைக்குப் பதினொன்றரை. நீங்க ஒண்ணும் காட்டிக்க வேண்டாம்." சரி என்றேன். ம், சரி. என் வாழ்க்கையில் நான் செய்த அத்தனையும் இந்த இரண்டு சொல்லுக்குள் அடங்கிவிடும் போலிருக்கிறது.

கோகிலவாணி பேசுகிறார். இவர் ஒருவர்தான் திரையைப் பார்க்க மாட்டார், ஒவ்வொரு முகமாகப் பார்த்துச் சொல்வார், நான் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை. "நேத்து என் கார்டு நகரலீங்க. அந்த ரசீது இன்னும் அப்படியேதான் இருக்குது. இன்னிக்குப் பதினொன்றரைக்கு ஹெச்.ஆர்.ல மீட்டிங் போட்டிருக்காங்க. எதுக்குன்னு போடலை. அதை முடிச்சுட்டு வந்து பிரின்ஸ்டன்கூட உக்கார்றேன், அப்புறம் சுகந்திது ஒருக்காப் பாத்துர்றேன். தடை ஒண்ணும் இல்லீங்க." எதற்கு என்று போடாத அழைப்பு இந்தத் தளத்தில் மூன்று மாதத்தில் இரண்டு பேருக்கு வந்திருக்கிறது, இருவருடைய நாற்காலிகளும் இப்போது மீட்டிங் அறையில் உபரியாகக் கிடக்கின்றன. சுகந்தி அஸ்லமைப் பார்க்கிறாள். அஸ்லம் நவநீதனைப் பார்க்கிறான். பதினோரு மாதத்தில் முதல் தடவையாக இவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். இவருக்குத் தெரியுமா, தெரியாதா, குரலில் ஒன்றும் இல்லை, தெரிந்திருந்தும் பிரின்ஸ்டனிடம் வருகிறேன் என்று சொல்வாரா, சொல்வார், இவர் சொல்வார். இப்போது எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள், ஏனென்றால் அடுத்தது நான். நான் வழக்கமாகச் சொல்வது ஒரே வாக்கியம், "எனக்கு ஒண்ணும் இல்லை, நன்றி, ஆரம்பிக்கலாம்." அது நாக்கின் நுனியில் தயாராக நிற்கிறது. சொன்னால் இன்னும் ஒரு வருடம் ஓட்டலாம், இரண்டு வருடம். ஐம்பத்தொன்றில் இரண்டு வருடம் சின்ன விஷயம் இல்லை.

"அந்த அட்டவணை தப்பு." என் குரல்தான். "யார் எவ்வளவு புள்ளின்னு நான் ஒண்ணு போட்டு மேல அனுப்பினேன். அதுல கூட்டல் சரி, ஆனா போட்டதே தப்பு. கோகிலவாணிக்குப் பதினொண்ணுன்னு இருக்கு. அதை வெச்சுத்தான் இன்னைக்குக் கூப்பிடறாங்க." ஊதா வட்டம் ஒரு தடவை துடித்து மறைந்தது, அந்த இடத்தில் ரகோத்தமனின் முகம், பின்னால் ஒரு புத்தக அலமாரி, அகரவரிசையில் இல்லை. "ஆதி, ஆதி. இது ஸ்டாண்டப்ல பேசற விஷயமா? நீங்களும் நானும் தனியாப் பேசிக்கலாம்." "இங்கதான் சார் பேசணும். இவங்க நாலு பேர் முடிச்ச கார்டுல பாதி இவர் முடிச்சது. இப்பத்தான் ஒவ்வொருத்தரா சொன்னாங்க, நீங்க கேட்டிருப்பீங்க." "நான் வேற போன் கால்ல இருந்தேன்." "சரி, இப்பக் கேளுங்க." நான் அரைவட்டத்தின் பக்கம் திரும்பினேன். எனக்குள் ஏதோ சூடாக ஏறிக்கொண்டிருந்தது, நியாயம் பேசுகிறவனுக்கு ஏறுகிற அந்தப் போதை, பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டிக்குப் பிறகு எனக்கு வந்ததில்லை. "இந்த மூணு மாசத்துல கோகிலவாணி உதவி இல்லாம என் கார்டு முடிஞ்சிருக்காதுன்னு யாருக்கெல்லாம் தோணுதோ, கை தூக்குங்க."

அஸ்லம் குனிந்து ஷூ லேஸைப் பார்த்தான், அது அவிழ்ந்திருக்கவில்லை. சுகந்தியின் வலது கை எழுந்தது, நான் பார்த்தேன், தோள்வரை வந்தது, காது வரை வந்தது, அங்கே ஒரு முடிக்கற்றையை ஒதுக்கிவிட்டுக் கீழே இறங்கியது. நவநீதன் கைபேசியில் எதையோ தீவிரமாகத் தேடினான். பிரின்ஸ்டனின் உதடு திறந்தது, அவன் ரகோத்தமனின் முகத்தைப் பார்த்தான், மூடிக்கொண்டது. சில நிமிடம் முன்னால், திரையில் முகம் இல்லாதபோது, இதே வாய்கள் இதைத்தான் தாமாகச் சொல்லிக்கொண்டிருந்தன. கேட்காமல் வந்தது கேட்டதும் போய்விட்டது. எத்தனை நொடி என்று நான் எண்ணவில்லை. "சார்" என்றார் கோகிலவாணி, மெதுவாக, எனக்கு மட்டும் சொல்வதுபோல, "விட்டுருங்க சார். புள்ளைங்கள இப்படி நிக்க வெச்சுக் கேக்காதீங்க. அவங்கெல்லாம் இங்கயே இருக்கோணுமில்ல." ரகோத்தமன் யாருக்கென்று இல்லாமல் "தேங்க்ஸ் டீம்" என்றார். திரை கறுத்தது.

கலைந்தார்கள். நாற்காலிகள் இழுபட்டன, விசைப்பலகைகள் தட்டத் தொடங்கின. பத்து ஐம்பத்தெட்டு. கோகிலவாணி பதினொன்றரை வரை காத்திருக்க என்ன இருக்கிறது என்பதுபோலத் தன் நாற்காலியில் உட்கார்ந்து, காலால் உந்தி, பிரின்ஸ்டன் மேஜைக்குப் போய்ச் சேர்ந்தார். அவன் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவர் அதைப் பார்க்காதவர்போல, "எங்க நிக்குது, காட்டு" என்றார். நான் கறுத்த திரைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். திரையில் என் உருவம் மங்கலாகத் தெரிந்தது, வகுப்பறையில் நிற்கும் வாத்தியார்போல நெஞ்சை நிமிர்த்தி, இரண்டு கைகளையும் பின்னால் கட்டியபடி. அப்போதுதான் கவனித்தேன். கை தூக்கச் சொல்லிவிட்டு நாலு பேரையும் ஒவ்வொருவராகக் கண்ணால் அளந்தவன், என் கையைத் தூக்கவே இல்லை. அது எனக்குத் தோன்றக்கூட இல்லை. ஐம்பது நிமிடம் என் மேஜையில் உட்கார்ந்தவருக்கு முதலில் எழுந்திருக்க வேண்டியது எந்தக் கை? விரல்களைப் பிரித்தேன், மரத்துப்போயிருந்தன. வலது கையை மேலே தூக்கினேன், முழங்கை நிமிரும்வரை, யாரும் பார்க்காத திரைக்கு முன்னால், தாமதமாக வந்த மாணவன்போல. இறக்கத் தோன்றவில்லை. பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது.

"என்னங்க சார், ஏதாவது வேணுங்களா?"

நான் பதில் சொல்வதற்குள், "ஒரு நிமிசம் பிரின்ஸ்டா, சார் கூப்புடுறாங்க" என்று அவனிடம் சொல்லிவிட்டு, நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.